மாசமாக இருக்கும் தங்கைக்கு விராலா, ஜிலேபியா?

வளைகாப்பு முடிந்து தங்கை சேலத்துக்கு வந்த மறுநாளே வீட்டில் மீன் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு விரால்தான் மீன். "ஆபரேஷன் பண்ணவங்களுக்கே விரால்தான் குடுக்கச் சொல்லுவாங்க" என்பார். அப்பா வஞ்சிரம் கட்சி. மாமா, பிள்ளை பிறந்ததும் பால் ஊற என்று பால்சுறாக் கருவாட்டை இப்போதே பார்சல் கட்டி வைத்திருக்கிறார். தெருக்கோடிப் பெரியவரோ ஏரிப் பறவை பிடித்துத் தரச் சொல்லட்டுமா என்று கேட்டார். தங்கை மட்டும், "மீன்ல பாதரசம் இருக்காமே அண்ணா, மீனே வேண்டாம்" என்றாள்.

எனக்கு இதில் மோசமான யோசனையாகப் பட்டது அவளுடையதுதான். பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு மீன் அளவுக்கு வேறெதிலும் எளிதாகக் கிடைக்காது. ஆனால் அவள் பயமும் பொய்யில்லை. பாதரசம் ஏறிய மீனைத் தின்றதால் 1956-ல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோயில், தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாதபோதே வயிற்றுப் பிள்ளை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அதனால் 'மீனா, இல்லையா' என்று யோசிப்பதை விட்டுவிட்டு 'எந்த மீன்' என்று பார்ப்பதுதான் சரி.

ஏரி மீனுக்குப் பாதரசம் எங்கிருந்து வருகிறது? நிலக்கரியில் கொஞ்சம் பாதரசம் உண்டு. எரிக்கும்போது ஆவியாகி மேலே போய், மாதக்கணக்கில் காற்றில் அலைந்து, மழையோடு இறங்கும். மேட்டூரில் மட்டும் 1,440 மெகாவாட் அனல் மின்நிலையம் இருக்கிறது. ஆனால் பாதரசம் இறங்க அது பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஏரிச் சேற்றில் காற்றுப் படாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. ஆபத்து அதில்தான். நீர்மட்டம் ஏறி இறங்கும் அணைகள் இதற்குத் தோதான இடம். மேட்டூரில் தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலை காட்டும். காய்ந்த தரையில் புல் முளைக்கும். திரும்பத் தண்ணீர் ஏறினால் அந்தப் புல் மூழ்கி அழுகும். பாக்டீரியாவுக்கு விருந்து.

இனி விராலையும் ஜிலேபியையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். ஜிலேபி பாசி தின்கிறது. கட்லா நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிறது. ரோகுவும் ஏறக்குறைய இந்தக் கூட்டம்தான். விரால் அப்படியில்லை, சின்ன மீன், தவளை, கிடைத்தால் தன் குஞ்சுகூட. வாளை அதைவிடப் பெரிய வேட்டைக்காரன். பாசியில் இருக்கும் துளி பாதரசம் ஒவ்வொரு வாயாக மாறும்போது கூடிக்கொண்டே போகும். ஒரே குளத்தில், ஒரே நாளில் பிடித்த ஜிலேபியும் விராலும் இதில் ஒன்றல்ல. வயதும் சேர்த்தி: மூன்று கிலோ விரால் என்றால் அத்தனை வருடச் சேமிப்பு உள்ளே இருக்கிறது. வளர்ப்பு விரால் இளசாகவே சந்தைக்கு வந்துவிடுவதால் கொஞ்சம் தேவலை.

கணக்கு போட்டுக் காட்டியபோதுதான் அம்மா காது கொடுத்தார். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு மெத்தில் பாதரசத்துக்கு 2003-ல் சொன்ன வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். தங்கை 60 கிலோ. அப்படியானால் வாரம் 96 மைக்ரோகிராம். ஒரு கிலோ மீனில் 0.5 மில்லிகிராம், அதாவது 500 மைக்ரோகிராம் இருந்தால், 192 கிராமிலேயே அந்த வாரக் கணக்கு தீர்ந்துவிடும். குழம்பில் இரண்டு மூன்று துண்டு, அவ்வளவுதான். இத்தனைக்கும் 0.5 என்பது பல நாடுகளில் சாதாரண மீனுக்குச் சட்டமே அனுமதிக்கும் அளவு. அதே மீனில் 0.05 இருந்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ வரை சாப்பிடலாம்.

"நல்லா மஞ்சள் போட்டுக் கழுவி, தோலை உரிச்சுடலாம்ல?" என்றார் அம்மா. டிடிடி மாதிரிப் பூச்சிமருந்து என்றால் கொழுப்பில் தங்கும். தோலும் கொழுப்பும் எடுத்தால் ஓரளவு குறையும். மெத்தில் பாதரசம் சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். மஞ்சளுக்கும் புளிக்கும் அது அசையாது.

கடல் மீனுக்கும் இதே கணக்குதான். சுறா, அமெரிக்காவில் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. வஞ்சிரத்தின் நெருங்கிய உறவான அந்த ஊர் மீன் ஒன்றும் அதே பட்டியலில். நாம் பிள்ளை பெற்றவளுக்கென்றே தேடிப்போய் வாங்குவது சுறா! மாமாவிடம் இதைச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. மத்தியும் நெத்திலியும் குறைந்த ஆயுள், நுண்ணுயிர்த் தீனி. ஐஸ் பெட்டியில் வந்தாலும் நான் கைகாட்டுவது அவற்றைத்தான்.

ஏற்காட்டு மலைக்குளத்து மீன் சுத்தமாக இருக்குமே என்றார் அப்பா. உயரம் பாதரசத்துக்கு வேலி இல்லை. 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசத்தால் கொடைக்கானல் பட்ட பாடு தெரிந்ததுதானே, அதுவும் மலைதான்.

பறவை விஷயம் சட்டென முடிந்தது. காட்டுப் பறவையைப் பிடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் இரைக் கணக்கு விடாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2005-ல் சில வாத்துகளைத் தின்ன வேண்டாம் என்று பாதரசத்துக்காகவே எச்சரித்தது. அதில் ஒன்று தட்டைவாயன். குளிர்காலத்தில் நம் ஏரிகளுக்கும் வலசை வரும் அதே இனம். அகன்ற அலகால் தண்ணீரைச் சலித்து நத்தையும் பூச்சியும் தின்பது அது. பெரும்பாலும் செடிகொடி மேயும் நாமக்கோழி உடம்பில் குறைவாகச் சேரும். மீன் பிடிக்கும் நீர்க்காகத்தில் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் ஒவ்வொரு மீனாக வாயைத் திறந்து பார்த்தேன். விரால் தாடையில் விரல் வைத்தால் கூர் குத்துகிறது. வஞ்சிரத்துக்கு ரம்பம். கட்லாவின் வாய் அகலமாக, மேல்நோக்கி, பல்லே இல்லாமல் பொக்கை. கடைக்கார அக்கா சிரித்துவிட்டார். "என்ன கண்ணு, பல்லு டாக்டரா?" ஒன்றரைக் கிலோ கட்லாவும், அம்மாவுக்காக உள்ளங்கை நீளத்தில் ஒரு சின்ன விராலும் கட்டித் தரச் சொன்னேன்.