கச்சா கொலாஜனேஸா, சுத்திகரித்த கலவையா?

எலிக் கணையத்திலிருந்து லாங்கர்ஹான்ஸ் திட்டுகளை, அதாவது இன்சுலின் சுரக்கும் செல் கூட்டங்களை, பிரித்தெடுக்க மூன்று வருடம் கச்சா கொலாஜனேஸைத்தான் பயன்படுத்தினேன். திசுவைக் கட்டியிருக்கும் கொலாஜன் இழைகளை அறுக்கும் நொதி அது. இப்போது சுத்திகரித்த கொலாஜனேஸோடு தெர்மோலைசின் என்ற புரதம் வெட்டும் நொதியை அளந்து சேர்த்த கலவைக்கு மாறிவிட்டேன். இனி பழையதற்குத் திரும்புவதாக இல்லை.

கச்சாப் பொடி மலிவு, அதில் பேச்சே இல்லை. பித்தநாளம் வழியே ஏற்றிக் கணையத்தை உப்ப வைப்பது, 37 டிகிரியில் செரிக்க விடுவது, கால்சியம் தேவைப்படுவது எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வித்தியாசம் பொடிக்குள் இருக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் ஹிஸ்டோலிட்டிகம் பாக்டீரியா வளர்ந்த திரவத்திலிருந்து வருவது கச்சாப் பொடி. இரண்டு வகைக் கொலாஜனேஸோடு, புரோட்டியேஸ் எனப்படும் புரதம் வெட்டும் நொதிகளான நியூட்ரல் புரோட்டியேஸ், கிளாஸ்ட்ரிபெயின், பிறகு எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு எனப் பலதும் அதில் கலந்திருக்கும். எல்லாமே வேண்டாத அழுக்கு என்று சொல்லிவிட முடியாது. கொலாஜனேஸ் மட்டும் உள்ளே போனால் கொலாஜன் இழைகள் அறுபடும், ஆனால் மற்றப் புரதங்கள் திசுவைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதை அவிழ்க்க ஒரு புரோட்டியேஸ் வேண்டும். அதே புரோட்டியேஸ் கொஞ்சம் கூடினால் திட்டுக்குள்ளேயே புகுந்து செல்களைப் பிய்த்துவிடும்.

நான் மாறியதற்குக் காரணம் ஒன்றுதான்: லாட், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதி. கச்சாப் பொடியில் இந்தக் கூட்டு ஒவ்வொரு லாட்டுக்கும் மாறும். ஒருமுறை புது லாட்டை வழக்கமான அளவில் கரைத்து, வழக்கமான நேரம் வைத்தேன். நன்றாகச் செரித்த கணையம் குழாயைக் குலுக்கினால் மெல்லிய மணல் மாதிரி உதிரும். அன்று கோழை மாதிரி இழுத்தது. உடைந்த செல்களிலிருந்து டிஎன்ஏ வெளியேறியதால் வரும் பிசுபிசுப்பு அது. திட்டுகளைச் சிவப்பாகக் காட்டும் டிதைசோன் சாயம் போட்டுப் பார்த்தேன். திட்டுகள் சிவந்தன, ஆனால் ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. குப்பியின் மேல் போட்டிருந்த கொலாஜனேஸ் யூனிட் (வீரிய அளவு) பழைய அளவுக்குக் கிட்டத்தட்டச் சரியாகவே இருந்தது, ஏமாற்றியது புரோட்டியேஸ்.

அதன்பின் லாட் மாறும்போதெல்லாம் நாலைந்து எலிகளை அளவு கண்டுபிடிக்கவே செலவழித்தேன். பொடியில் மிச்சம் பிடித்தது அங்கே போனது. வீணாகப் போன உயிர்களை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

சுத்திகரித்த கலவையில் கொலாஜனேஸ் எவ்வளவு, தெர்மோலைசின் எவ்வளவு என்று தெரியும். ஒன்று கூடினால் அதை மட்டும் குறைக்கலாம். லாட் வித்தியாசம் இதிலும் அடியோடு ஒழியவில்லை, ஆனால் சமாளிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. கரைத்ததைச் சிறு சிறு பங்காக உறைய வைத்துவிட வேண்டும். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைத்தால் வீரியம் போய்விடும்.

இது எலிக் கணையத்தை வைத்துச் சொல்வது. மனிதக் கணையத்தில் கொடையாளரின் வயது, நார்த்தன்மை, உறுப்பு குளிரில் காத்திருந்த நேரம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் 1988-இல் ஆராய்ச்சியாளர் ரிக்கார்டி கொண்டுவந்த முறையில் திசு அறைக்குள் செரிக்கச் செரிக்க மாதிரி எடுத்துப் பார்த்து, திட்டுகள் விடுபட்டதும் நிறுத்துகிறார்கள். அங்கே என் அளவுகள் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

பித்தநாளத்தில் ஊசி ஏற்றக் கைப்பழக்கம் செய்பவருக்குக் கச்சாவே போதும். சோதனைக்குத் திட்டு வேண்டும் என்றால் கலவைதான் என் தேர்வு. அப்புறம், பழைய லாட்டில் ஒரு குப்பியை எப்போதும் மிச்சம் வைக்கிறேன். புதியது வந்ததும் இரண்டையும் ஒரே நாளில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்துவிடுவேன்.