இரவு ரோந்துக்கு ஏஜென்சி: எல்லாம் சரி, அந்த அடையாள அட்டை?

தாம்பரம் தாண்டி இருக்கும் எங்கள் லேஅவுட்டில் இரவு ரோந்துக்கு ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி வைத்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அசோசியேஷனில் அந்த வேலையைக் கவனிப்பது நான்தான். பெருங்களத்தூர் பக்கம் வீடு வாங்கிய தோழி போன வாரம் கேட்டாள்: "நாங்களும் வைக்கலாம்னு பேசிட்டிருக்கோம். உங்க ஆளுங்க எப்படிடி?" அதே வாரத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி, ரேட்டையும் ஏற்றி, ஏஜென்சியிடமிருந்து கடிதம் வந்தது. ஷிஃப்ட், பைக், டார்ச் எல்லாம் எல்லா ஏஜென்சியிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அதற்குள் போகவில்லை. ஏஜென்சியின் பெயரையும் சொல்லப்போவதில்லை.

முதலில் நல்லது. நான் எதிர்பார்க்காத ஒன்று, ரோந்துக்காரரின் நோட்டு. 2005-ம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் 2006-ல் மத்திய அரசு மாதிரி விதிகள் கொண்டுவந்தது. காவலர் டூட்டியில் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் ஒரு பகுதி உண்டு. கையில் ஏஜென்சியின் பட்டை, தோளிலோ மார்பிலோ பதவியைக் காட்டும் பேட்ஜ், கயிற்றில் கோத்த விசில் இடது பாக்கெட்டில், லேஸ் கட்டும் ஷூ, தலையில் தொப்பி. உடுப்பு ரொம்ப இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, தொளதொளவென்றும் இருக்கக் கூடாது என்பது வரை எழுதியிருக்கிறார்கள். கூடவே ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருக்க வேண்டும். இதைப் படித்தபோது யார் இதையெல்லாம் செய்யப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் சீனியர் கார்டு, அதாவது மூத்த காவலர், செய்கிறார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு, நீல மை. "2.10 நாலாவது குறுக்குத் தெரு மூலை வீடு கேட் திறந்து கெடக்கு, பெல் அடிச்சி சொல்லியாச்சி." "3.05 டிரான்ஸ்பாரம் பக்கம் லைட்டு இல்ல." "3.40 காலி மனை ஓரம் வெள்ளை கார், ஆள் தூங்கறார், நம்பர் எழுதிகிட்டேன்." பேசுவது போலவேதான் எழுத்தும். தெருவிளக்குப் புகார் எழுதும்போது எந்தக் கம்பம், எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்த வீடுகளெல்லாம்கூட அதில் இருக்கும். செக்பாயின்டில் போனைக் காட்டி டேக் அடிக்கிற ஆப்பும் ஏஜென்சி கொடுத்திருக்கிறது. அந்த ஆப் சொல்வது ஆள் அந்த இடத்துக்கு வந்தார் என்பதை மட்டும். வந்தவர் என்ன பார்த்தார் என்பது நோட்டில்தான் இருக்கிறது. காலையில் பால் வாங்கப் போகும்போது அவரிடம் அதை வாங்கிப் புரட்டிப் பார்ப்பது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

இப்போது அட்டை விஷயம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், வரட்டும்.

சீனியர் கார்டு லீவு போட்டால் ரிலீவர் வருவார். வரும் ஒவ்வொரு புது ஆளின் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கும், பின்பக்கம் திரும்பியபடி. திருப்பிப் பார்த்தால் படத்தில் இருப்பவர் வேறு, நிற்பவர் வேறு. கேட்டால், "போன மாசம் நின்னவரோட ஐ.டி. கார்டு மேடம், எனக்கு ஆபீஸ்ல இன்னும் போடல." சில சமயம் படம் இருக்கும் இடத்தில் லேமினேஷன் பொங்கி முகமே தெரியாது. சில சமயம் கலர் ஜெராக்ஸ். ஏஜென்சியின் ஃபீல்டு ஆபீஸரிடம் சொன்னால் உடனே "சாரி மேடம், இந்த வாரம் முடிச்சிடறேன்" என்பார். ஒப்பந்தம் தொடங்கியதிலிருந்து அந்த வாரம் முடியவே இல்லை.

இது சின்ன விஷயம் என்று எங்கள் கூட்டத்திலேயே சொல்கிறார்கள். இல்லை. சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது: காவலர் ஒவ்வொருவருக்கும் ஏஜென்சி படத்துடன் அடையாள அட்டை தர வேண்டும். விதிகள் இன்னும் விவரமாகச் சொல்கின்றன. முழு முகமும் தெரியும் கலர் படம், முழுப் பெயர், ஏஜென்சி பெயர், அடையாள எண், பதவி, எந்தத் தேதி வரை செல்லும் என்பது. இடுப்புக்கு மேலே, வெளியே தெரியும்படி அணிய வேண்டும். முக்கியமாக, வேலையை விட்டுப் போகிறவர் அட்டையை ஏஜென்சியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். போனவருடைய அட்டை இன்னொருவர் கழுத்துக்கு வரவே வழியில்லாதபடிதான் விதி எழுதப்பட்டிருக்கிறது.

ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் தெருக்களில் நடக்கிறவருக்கு எந்த வீடு பூட்டியிருக்கிறது என்று தெரியும். யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார் என்று தெரியும். நாங்களே சொல்லிவிட்டுத்தான் போகிறோம், அதற்குத்தானே ரோந்து. வேலையில் தெரிந்துகொண்ட விஷயத்தை வெளியில் சொல்லக் கூடாது என்று இந்தச் சட்டம் காவலரைக் கட்டுப்படுத்துகிறது, வேலையை விட்டுப் போனவரையும் சேர்த்து. ஆனால் போனவர் யார், வந்தவர் யார் என்றே தெரியாதபோது யாரைப் போய்க் கேட்பது?

ஏஜென்சி ஏன் இப்படிச் செய்கிறது என்பதும் எனக்குத் தெரியும், அதையும் சொல்லிவிட வேண்டும். மாதிரி விதிப்படி புதுக் காவலருக்கு 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப்பயிற்சி, குறைந்தது 20 வேலை நாட்களில். முன்னாள் ராணுவத்தினர், போலீஸ்காரர்கள் என்றால் 40 மணி நேரமும் 16 மணி நேரமும் போதும். இதோடு நடத்தை பற்றிய விசாரணை, உடல்தகுதி. ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும் உண்டு. இதற்கெல்லாம் ஆகும் நாட்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? 12 மணி நேர டூட்டி, அதற்குமேல் டபுள் டூட்டி என்று ஓடும் வேலையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசி ரூபாய் வரை பேரம் பேசி, அதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் அடங்க வேண்டும் என்று கேட்கும் குடியிருப்புகளும் இருக்கின்றன. முதலில் ஆளை அனுப்பு, பேப்பர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடுகிறது. பயிற்சி இழுப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அட்டைக்கு என்ன செலவு? ஒரு படம், ஒரு பிரின்ட்.

சட்டத்திலும் ஒரு குறை எனக்குப் படுகிறது. லைசென்ஸ், அதாவது ஏஜென்சிக்காரர்கள் சொல்லும் 'பசாரா', மாநில அளவில் ஒரு கட்டுப்பாட்டு அதிகாரி கொடுப்பது. ஒரு மாவட்டத்துக்கு மட்டும் என்றால் கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுக்க 25,000. ஐந்து வருடம் செல்லும். லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் ஒரு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒத்துக்கொண்ட சேவையை வேண்டுமென்றே செய்யாத ஏஜென்சியின் லைசென்ஸை ரத்து செய்யவும் இடம் இருக்கிறது. எல்லாம் நல்ல விதிகள்தான். ஆனால் ரோந்து நடப்பது எங்கள் தெருவில். லைசென்ஸ் மாட்டியிருப்பதும், காவலர்களின் பெயர், முகவரி, படம், சம்பளம் எழுதிய பதிவேடு இருப்பதும் ஏஜென்சியின் அலுவலகத்தில். அங்கே போய்ச் சோதிக்கும் உரிமை அதிகாரிக்கு உண்டு. ராத்திரி கேட்டில் நிற்கும் முகத்தைச் சரிபார்க்கக் குடியிருப்பவருக்கு இருக்கும் ஒரே கருவி அந்த அட்டைதான். அதனால்தான் இதை விடமாட்டேன் என்கிறேன்.

அசோசியேஷன்கள் எல்லை மீறுவதையும் பார்த்திருக்கிறேன். ரோந்துக்காரர் போலீஸ் இல்லை. தெருவில் போகிற பையனை நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. கண்ணெதிரே, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால், எந்தக் குடிமகனையும் போல அவரும் ஆளைப் பிடித்து வைக்கலாம். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். போலீஸ், ராணுவம் போலத் தோன்றும் உடுப்பும் போடக் கூடாது, அதற்கும் தண்டனை உண்டு. எங்கள் ஆட்களுக்கு ஆரம்பத்தில் காக்கி மாதிரி ஒரு நிறத்தில் சட்டை வந்தது. சொன்னதும் நீலத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாற்ற முடிகிறது, பாருங்கள். மனசு வைத்தால் நடக்கிறது.

ரோந்து ஒழுங்காக நடக்கிறது. சீனியர் கார்டு மாதிரி ஒருவர் கிடைப்பது அபூர்வம். ஃபீல்டு ஆபீஸர் எப்போது கூப்பிட்டாலும் போன் எடுக்கிறார், மரியாதையாகப் பேசுகிறார். நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு தாராளமாகப் போடலாம். ஆனாலும் தோழியிடம் இந்த ஏஜென்சி வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நேற்று ராத்திரியும் கேட்டில் புது முகம், கழுத்தில் பழைய அட்டை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் புதுப்பிக்க வேண்டாம் என்றுதான் கை தூக்கப்போகிறேன். அதற்குள் எல்லோருக்கும் அவரவர் படத்துடன் அட்டை வந்து, பதிவேட்டின் நகலும் எங்கள் ஃபைலுக்கு வந்தால் ஏற்றிய ரேட்டுக்கே கையெழுத்துப் போடத் தயார். வேறு ஏஜென்சி வந்தாலும் சீனியர் கார்டை விடாமல் வைத்துக்கொள்ள என்ன வழி என்று இப்போதே அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.