ஸ்குவாட், டெட்லிஃப்ட் ஃபார்ம் சரி பண்ண ட்ரெயினரா, ட்ரைபாடா?

மூணு மாசம் பர்சனல் ட்ரெயினருக்குக் காசு கட்டினேன், அதுக்கப்புறம் ஒன்பது மாசமா பழைய செல்போனை ட்ரைபாட்ல மாட்டி என்னை நானே பாத்துத் திருத்திக்கறேன். ரெண்டையும் பண்ணிப் பாத்தாச்சுங்கறதால எழுதறேன். தெரியாதவங்களுக்கு: ஸ்குவாட்னா எடை மாட்டின இரும்புக் கம்பியை (அதுதான் பார்) தோள்ல வெச்சு உக்காந்து எழும்பறது, டெட்லிஃப்ட்னா அதே பாரைத் தரையில இருந்து நிமிர்ந்து தூக்கறது, ஃபார்ம்னா அதைப் பண்ற முறை. முன்னாடியே சொல்லிடறேன், நான் போன் கட்சி, அதனால கொஞ்சம் தள்ளுபடி பண்ணிப் படிங்க.

வீடு காட்பாடி தாண்டி, கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், சித்தூர் போற ரோட்டுல. ஜிம்முல பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு, திட்டறதுக்கு மட்டும் எல்லாருக்கும் ரெண்டும் வரும். ட்ரெயினர் அண்ணா தெலுங்குக்காரர், நல்ல மனுஷன், ஆனா நான் என்ன தப்பு பண்ணாலும் அவர் வாயில ஒரே வார்த்தைதான், "நடுமு! நடுமு!" நடுமுன்னா இடுப்பு. குதிகால் எழும்பினாலும் நடுமு, முட்டி உள்ள மடங்கினாலும் நடுமு, பார் முன்னாடி ஓடினாலும் நடுமு. நானும் மூணு மாசமா இடுப்பை விறைச்சுக்கிட்டு நின்னேன், குதிகால் பாட்டுக்கு எழும்பிக்கிட்டேதான் இருந்துச்சு.

காசு கணக்கு பெருசா சொல்ல வேணாம். ஜிம் ஃபீஸ் போக அவருக்கு மாசம் 3500, ட்ரைபாட் ஒரே தடவை 400, போன் வீட்டுல ட்ராயர்ல தூங்கினது. நேரம்னு பாத்தாலும் அவர் வர்ற டைமுக்கு நான் போகணும், ட்ரைபாட் என் பையிலேயே வருது.

பக்கத்து ரேக்ல தூக்கற அண்ணன் ஒருத்தர் கேட்டார், "சத்துவாச்சாரி சதீஷ் கோச் இல்லாமலா ரெண்டு காமன்வெல்த் தங்கம் அடிச்சார்?"னு. எங்க பக்கத்துல இந்தப் பேச்சு வராம எந்த வாதமும் முடியாது, எங்க வேலூர் வெயிட்லிஃப்டர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் ரெண்டுலயும் 77 கிலோ பிரிவுல தங்கம், அந்தப் பக்கம் ஆந்திராக்காரங்க உடனே 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ் வெயிட்லிஃப்டிங்ல கர்ணம் மல்லேஸ்வரி வாங்கின வெண்கலத்தை எடுத்து வைப்பாங்க. ஒத்துக்கறேன். ஆனா அவங்க பண்ணது ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க், அதாவது பாரைத் தலைக்கு மேல தூக்கற போட்டி வகை, அந்த மாதிரி இடத்துல கோச் ஒவ்வொரு தூக்கலையும் உக்காந்து பாப்பார். எங்க ட்ரெயினருக்கு ஒரே நேரத்துல அஞ்சு பேர், நடுவுல ஃபீஸ் வாங்கணும், புதுசா வந்தவருக்கு ட்ரெட்மில் போட்டு விடணும். என்னோட அஞ்சு ரெப்புல (ஒரு ரெப்னா ஒரு தடவை பண்றது) அவர் கண்ணு ரெண்டுல இருந்தா அதிகம். அப்ப நான் ஒப்பிடறது நல்ல கோச்சையும் போனையும் இல்ல, எங்களுக்குக் கிடைக்கற ட்ரெயினரையும் போனையும்.

போன்ல முதல்ல மாட்டினது டெட்லிஃப்ட். 90 கிலோ, ஃபேனுக்கு நேர் எதிர்ல நின்னும் வேலூர் வெயிலுக்கு உள்ளங்கை வழுக்குது, சாக்பீஸ் பொடி தேச்சுக்கிட்டு தூக்கினேன், மனசுல சூப்பரா வந்த மாதிரி ஒரு நினைப்பு. பெஞ்சுல உக்காந்து வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாத்தா பார் இன்னும் தரையிலதான் இருக்கு, என் இடுப்பு மட்டும் தனியா மேல போயிடுச்சு, அப்புறம்தான் பார் கிளம்புது, முதுகு வில்லு மாதிரி வளையுது. ஆரம்பிக்கும்போதே பார் ஷூ நுனிப்பக்கம் இருந்துச்சு, அது இருக்க வேண்டிய இடம் பாதத்துக்கு நடுவுல, லேஸ் முடிச்சுக்கு மேலன்னு வெச்சுக்கலாம். அங்க இருந்து நேர் கோடா மேல போனா முதுகுக்கு பாரம் கம்மி, முன்னாடி தள்ளி இருக்க இருக்க இடுப்புல இருந்து பாருக்கு தூரம் கூடுது, அதே 90 கிலோவே முதுகுக்கு கூடுதலா தெரியும்.

பாரை உள்ள தள்ளி வெச்சும் முதுகு முழுசா நேராகல. ஒரு நாள் வீடியோவை நடுவுல நிறுத்தி, பாஸ் பண்ணி வெச்சுக்கிட்டு சும்மா பாத்துட்டு இருக்கும்போதுதான் கண்ணுல பட்டுச்சு, பார் ரொம்பக் கீழ இருக்கு. போட்டியில போடற பெரிய பிளேட்டுக்கு விட்டம் 450 மி.மீ., அதனால பாரோட நடு தரையில இருந்து 22.5 செ.மீ. உயரத்துல நிக்கும். எங்க ஜிம்முல இருக்கறது பழைய இரும்பு பிளேட், 20 கிலோவே சின்னதா இருக்கும், டேப் வெச்சு அளந்தா 18 செ.மீ. தான் வருது. நாலரை செ.மீ. கூடுதலா குனியறேன், தொடைப் பின்பக்கம் இறுக்கமா இருக்கற எனக்கு அது போதும் முதுகு வளையறதுக்கு. ஓரமாக் கிடந்த ரப்பர் மேட் துண்டு, ஒண்ணு 15 மி.மீ., பக்கத்துக்கு மூணு அடுக்கி பிளேட்டைத் தூக்கி மேல வெச்சேன். அன்னைக்கே வித்தியாசம் தெரிஞ்சுது. மூணு மாசம் எனக்குப் பக்கத்துலயே நின்ன மனுஷனுக்கு இது தோணல, குத்தம் சொல்லல, எனக்கும்தான் தோணல, பாஸ் பட்டன் இருந்ததால தோணுச்சு.

ஸ்குவாட்டுல கதை வேற. ட்ரெயினர் எப்பவும் என் இடது பக்கம்தான் நிப்பார், வலது பக்கம் டம்பெல் ரேக், நிக்க இடம் கிடையாது. நான் போனை பின்னாடி வெச்சேன். நாலாவது ரெப்புல எழும்பும்போது இடுப்பு அப்படியே இடப்பக்கம் நழுவுது, பாரும் சாயுது. கணுக்கால் எவ்வளவு மடங்குதுன்னு பாக்க, சுவத்துப் பக்கம் நின்னு குதிகால் எழும்பாம முட்டியால சுவத்தைத் தொடற டெஸ்ட் இருக்கில்ல, கால் நுனியை எவ்வளவு தள்ளி வெச்சு தொட முடியுதுன்னு அளக்கறது, இடது கால் 11 செ.மீ., வலது 6 செ.மீ. காலேஜ்ல பைக்ல விழுந்து முறுக்கிக்கிட்ட கணுக்கால், மறந்தே போயிருந்தேன். குதிகாலுக்கு அடியில சின்ன மரக்கட்டை வெச்சு ஸ்குவாட் பண்றேன், தினமும் அந்த கணுக்காலுக்கு பத்து நிமிஷம் குடுக்கறேன், இப்போ வலது 8.5 வந்திருக்கு.

இதெல்லாம் விட என் கட்சி போன் கட்சியானதுக்குக் காரணம் வேற. திருத்தின ஃபார்ம் திருத்தின மாதிரியே நிக்காது. பாரத்தைக் கூட்டினா, தூக்கம் குறைஞ்சா, ரெண்டு வாரம் லீவு விட்டா பழைய தப்பு எட்டிப் பாக்கும். ட்ரெயினர் போன அன்னைக்கு அவர் சொல்லிக் குடுத்ததும் அவரோடயே போயிடுது. எங்க ஆளு என் மூணாவது மாசம் முடியற நேரத்துல வேற ஜிம்முக்குப் போயிட்டார், அடுத்து வந்தவர் முதல் நாளே "முட்டி கால் விரலைத் தாண்டவே கூடாது"ன்னார், அதுக்கடுத்தவர் "தாண்டினா ஒண்ணும் ஆகாது"ன்னார். (ரெண்டாவது ஆள் சொன்னதுதான் சரி, முட்டியை வலுக்கட்டாயமா பின்னாடி நிறுத்தினா உடம்பு முன்னாடி சாயும், முட்டிக்குக் குறையற பாரம் இடுப்புலயும் முதுகுலயும் ஏறும், காலு நீளமா இருக்கறவங்களுக்கு இன்னும் மோசம்.) இவங்க ரெண்டு பேருக்கும் நாலு மாசம் முன்னாடி நான் எப்படி இறங்கினேன்னு தெரியாது. போனுக்குத் தெரியும். போன மாசம் காய்ச்சல்ல படுத்து பதினாறு நாள் கழிச்சு வந்தேன், ஸ்குவாட் ஏதோ கனமா இருக்கு, காய்ச்சல் வீக்னெஸ்னு நினைச்சேன். பழைய வீடியோவையும் புதுசையும் ரெண்டு போன்ல பக்கத்துல பக்கத்துல ஓட விட்டா, பழசுல கால் தோள் அகலத்துக்கு இருக்கு, புதுசுல ஒரு சாண் குறுகலா நிக்கறேன். காலை அகட்டினேன், முடிஞ்சுது. இந்த ஞாபகத்தை எந்த ட்ரெயினர்கிட்ட வாங்க முடியும், அதுவும் மூணு பேர் மாறின இடத்துல?

போன் பொய் சொல்லாதுன்னு இல்ல. ஆரம்பத்துல தண்ணி பாட்டில்ல சாச்சு தரையில வெச்சேன், ஆகா முழு ஆழம் போறேன்னு ஸ்டேட்டஸ் கூடப் போட்டேன். இடுப்பு மடிப்பு முட்டியோட மேல்பக்கத்தை விடக் கீழ போனாதான் போட்டிக் கணக்குல ஆழம். முட்டி வெளிப்பக்கம் விரியறதால கேமராவுக்குக் கிட்ட வருது, கீழ இருந்து பாத்தா கிட்ட இருக்கறது உயரமாத் தெரியும், அதனால இடுப்பு இறங்கின மாதிரி காட்டும். ட்ரைபாட்ல இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, மூணு மீட்டர் தள்ளி, பாருக்கு நேர் பக்கவாட்டுல வெச்சா ரெண்டு இஞ்ச் பாக்கி. ஸ்டேட்டஸை அழிச்சுட்டேன். அப்புறம், பக்கத்துல பெண்கள் ஒர்க்அவுட் பண்றப்ப கேமரா அவங்களைப் பாக்காம சுவத்தைப் பாக்கற மாதிரி திருப்பிக்கங்க, கேட்டுட்டு எடுங்க, எங்க ஜிம்முல இதுக்கு ஒரு சண்டையே நடந்துச்சு, நியாயமான சண்டை.

ட்ரெயினர் பக்கம் நிஜமாவே ஜெயிக்கற ஒரு இடம் உண்டு. மூச்சு. தூக்கறதுக்கு முன்னாடி வயிறு நிறைய இழுத்து, சுத்திலும் இறுக்கி, பிடிச்சுக்கிட்டு இறங்கணும். இதை அந்த "நடுமு" அண்ணாதான் என் விலாவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் விரலை அழுத்தி வெச்சு "என் விரலைத் தள்ளு"ன்னு சொல்லிக் குடுத்தார். ஒரு நிமிஷத்துல புரிஞ்சுது. வீடியோவுல வயிறு இறுகியிருக்கா இல்லையான்னு இன்னி வரைக்கும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல. அதனால பாரையே தொடாதவங்க முதல் மாசம் ஆளை வெச்சுக்கறதுதான் நல்லது, எது தப்புன்னே தெரியாதவனுக்கு வீடியோ வெறும் சினிமா. வலி இருந்தா ரெண்டும் வேணாம், டாக்டரையோ பிசியோவையோ பாருங்க.

ஆன்லைன் கோச்சிங்னு மூணாவது வழியும் இருக்கு, வீடியோ அனுப்பினா பாத்துட்டு சொல்வாங்க. என் ஃப்ரெண்டு ஒரு மாசம் எடுத்தான், பதில் வர்றதுக்குள்ள அடுத்த ஒர்க்அவுட்டே முடிஞ்சுடுதுன்னு விட்டுட்டான். ஒரு ஆள், ஒரு மாசம், அதை வெச்சு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். அதே மாதிரி என் உடம்பு 74 கிலோ, டெட்லிஃப்ட் 130 வரைக்கும்தான் வந்திருக்கேன், 200 தூக்கறவங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்துமான்னு அவங்கதான் சொல்லணும்.

நான் பண்றது இவ்வளவுதான், ஒவ்வொரு நாளும் கடைசி செட்டை மட்டும் எடுப்பேன், மூணு நிமிஷ ரெஸ்ட்லயே பாத்துடுவேன், ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு தப்பு, அதை மட்டும். இந்த வாரம் வலது கணுக்கால். ஸ்குவாட்டுல 85 கிலோ வரைக்கும் இடுப்பு நேரா எழும்புது, 90 போட்டா நாலாவது ரெப்புல இன்னும் இடப்பக்கம் நழுவுது.