குரோமோலி என்று சொல்லி கேட் பைப்பைத் தலையில் கட்டிய பட்டறை

பாளையங்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு ஒற்றை இருக்கை விமானம் ஒன்று கட்டிவருகிறேன். அதன் எலிவேட்டர் (வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் பலகை), எய்லரான் (இறக்கையில் பக்கவாட்டில் சாய்க்கும் பலகை) இரண்டையும் அசைக்கிற தள்ளுதண்டுகளை, அதாவது புஷ் ராடுகளை, பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் செய்யக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். "மகேந்திரகிரிக்கே வேலை செஞ்சு கொடுத்தவங்க நாங்க, அண்ணாச்சி" என்றார் முதலாளி. அங்கே இருக்கிற இஸ்ரோ மையத்தைச் சொல்கிறார். நம் ஊர்ப் பக்கம் லேத் வைத்திருக்கிற பலரும் சொல்வதுதான். 4130 குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த வலிமையான ஸ்டீல்), சீம்லெஸ் (நீளவாக்கில் இணைப்பே இல்லாத) ட்யூப் என்று பேசி, 38,000 ரூபாய் முழுசாகக் கட்டினேன்.

பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று சொல்லியும் பளபளவென்று அடித்து அனுப்பியிருந்தார்கள். மிச்சத் துண்டையும் கேட்டு வாங்கியிருந்தது நல்லதாகப் போயிற்று. உள்ளே விரலை விட்டால் நீளவாக்கில் ஒரு மேடு நகத்தில் தட்டியது. தகட்டைச் சுருட்டி மின்சாரத்தால் ஒட்டுகிற இஆர்டபிள்யூ பைப்பின் வெல்டிங் தழும்பு. கேட்டுக்கும் பந்தலுக்கும் போடுகிற சரக்கு. கூட வந்த சர்டிபிகேட் ஒரு ஜெராக்ஸ். அதில் 19 மில்லி ட்யூப் என்றிருந்தது, என் ராடு 25 மில்லி.

போன் போட்டேன். "எல்லா இரும்பும் ஒண்ணுதான், சும்மா போட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை உண்டு, அதுதான் ஆபத்து. நீளமான ராடு அழுத்தத்தில் வளைவது இரும்பின் விறைப்பைப் பொறுத்தது. அது குரோமோலியிலும் சாதாரண இரும்பிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முனையில் வெல்டிங் போட்ட இடத்திலும் மரை வெட்டிய இடத்திலும் வலிமைதான் பேசும். நார்மலைஸ் செய்த (சூடாக்கிக் காற்றில் ஆறவிட்ட) 4130 ட்யூப் சதுர அங்குலத்துக்கு 90,000 பவுண்டுக்கு (பிஎஸ்ஐ) மேல் தாங்கும், சாதாரண பைப் ஏறக்குறைய அதில் பாதிதான்.

அப்புறம் போல்ட்டுகளைப் பார்த்தேன். விமானத்துக்கென்றே வருகிற ஏஎன் ஸ்டீல் போல்ட்டின் தலையில் குறுக்குக் குறி இருக்கும். இதில் 8.8 என்று சாதாரண மெட்ரிக் போல்ட்டின் கிரேடு அடித்திருந்தது, தலை வரைக்கும் மரை. துளைக்குள் உட்கார வேண்டியது வழுவழுப்பான தண்டு. மரை உட்கார்ந்தால் துளையை அரித்துக் கொண்டே இருக்கும். பெல் கிராங்க் (ராடின் இழுப்பைத் திசை திருப்பும் நெம்புகோல்) மாதிரி போல்ட் சுழல வாய்ப்புள்ள இடத்துக்கு காஸில் நட்டும், அதன் பிளவில் குறுக்கே செருகி நட் கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னும் கேட்டிருந்தேன், உள்ளே இருக்கிற நைலான் வளையத்தின் பிடியை மட்டும் நம்பியிருக்கும் நைலாக் நட் வந்தது. ராடின் நுனியில் மரையில் திருகுகிற இணைப்பு, அதாவது ராட் எண்ட், போதுமான அளவு உள்ளே போயிருக்கிறதா என்று சோதிக்க முனையில் சிறு துளை போடச் சொல்லியிருந்தேன். மெல்லிய கம்பி அதில் நுழையக் கூடாது. துளை போட்டிருந்தார்கள், கம்பியும் தாராளமாக நுழைந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "கட்டிங் போட்ட சரக்கை எவன் வாங்குவான்?" என்கிறார். பில்லில் 'பைப் வேலை' என்று மட்டும் எழுதியிருக்கிறது, கிரேடு இல்லை. ஆனால் குரோமோலி என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் பதில் என்னிடம் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. அடுத்து திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

இந்தப் பக்கம் யாராவது கொடுப்பதாக இருந்தால் பில்லில் கிரேடையும் ஹீட் நம்பரையும் (ஸ்டீலை உருக்கிய தொகுதியின் எண்) எழுதி வாங்குங்கள். ட்யூப்பை வெட்டுவதற்கு முன் மேலே உள்ள அச்சோடு அந்த நம்பரை ஒத்துப் பாருங்கள். இரண்டு வகை பைப்பின் வெட்டுத் துண்டும் என்னிடம் இருக்கிறது, விரலை விட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் ஷெட்டுக்கு வரலாம்.