கிளிநொச்சி ஏ.எல் பயோ கிளாஸ்: தியறி திறம், ரியூட்தான் சரியில்ல

கிளிநொச்சில பயோவுக்கு எங்க போறது எண்டு கன பேர் கேட்டவை. பேர் போடேல்ல, ரவுனில படிக்கிற பிள்ளையளுக்கு எந்த கிளாஸ் எண்டு விளங்கும். தங்கச்சியை ஏத்தப் போற நேரத்தில பின் வாங்கில இருந்து நானும் கேட்டனான்.

மற்ற இடங்களில கலச்சுவாசம் எண்டா கிளைக்கோபகுப்பு, கிரெப்ஸ் வட்டம் எண்டு படத்தைக் கீறி, ஏரிபி (ATP, கலம் சக்திக்கு செலவழிக்கிற மூலக்கூறு) எத்தனை வருது எண்டு கணக்குப் பாத்து முடிச்சிடுவினம், இந்த சேர் அந்த ஏரிபியை கலம் எதுக்கு செலவழிக்குது எண்டதில இருந்துதான் தொடங்குறார். ஒரு ஏரிபி உடைஞ்சா கலமென்சவ்வில இருக்கிற பம்பி சோடியம் 3 வெளிய, பொட்டாசியம் 2 உள்ள தள்ளும், இந்தப் பம்பி நிண்டா கொஞ்சத்தில நரம்பும் வேலை செய்யாது. அதை டென்மார்க்கில ஸ்கூ எண்டவர் 1957இல கண்டுபிடிச்சது நண்டுக்கால் நரம்பிலயாம், நோபல் கிடைச்சது 1997இல. பிறகு முல்லைத்தீவுப் பிள்ளையளிட்ட, பிடிச்ச மீன் ஏன் விறைக்குது எண்டு கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. தசை சுருங்க மட்டுமில்ல, தசையில இருக்கிற மயோசின் எண்ட புரதம் அக்ரின் எண்ட மற்றப் புரதத்தை விட்டுக் கழரவும் ஏரிபி வேணும், செத்தாப்பிறகு அது முடிய ரெண்டும் பிடிச்சது பிடிச்சபடி நிண்டிடும்.

கலத்துக்குள்ள ஏரிபி செய்யிற இழைமணியை விளங்கப்படுத்த இரணைமடுக் குளத்தைக் கொண்டு வந்தார். உள்மென்சவ்வுக்கு ஒரு பக்கம் புரோத்தன் தேங்கி நிக்கும், ஏரிபி சிந்தேஸ் எண்ட நொதியம்தான் துருசு (மதகு), அதுக்குள்ளால பாயேக்க அது சுழண்டு ஏரிபி செய்யும். “ஆனா குளத்துக்கு மழை வரும், இங்க இலத்திரன்ர சக்தியில பம்பித்தான் நிரப்போணும்” எண்டு தானே சொன்னார் பாருங்கோ, அதுதான் எனக்குப் பிடிச்சது.

ரியூட், அதுதான் கிளாசில அடிச்சுத் தாற நோட்ஸ், மோசம். ஒரு குளுக்கோசுக்கு ஏரிபி 36, 38 எண்டு பழைய கணக்கு அப்பிடியே அடிச்சுக் கிடக்கு, போர்ட்டில சேர் எழுதுறது 30, 32. இலத்திரன் காவிற என்ஏடிஎச் ஒண்டுக்கு 2.5 ஏரிபி, எஃப்ஏடிஎச்2 ஒண்டுக்கு 1.5 எண்டு போட்டாத்தான் அது வரும், கிளாசுக்கு வராம ரியூட்டை மட்டும் பாடமாக்கிற பிள்ளை எம்சிகியூவில என்ன செய்யும்? காசு வாங்கித் தாறதை ஒருக்கா திருத்தி அடிக்க ஏலாதோ.

தகரக் கூரை, மத்தியானத்தில அவிச்சு எடுக்கும். நேரத்துக்கு விடவும் மாட்டார், தர்மபுரம் விசுவமடு போற பிள்ளையள் பஸ்ஸை விட்டிட்டு ரோட்டில நிக்குதுகள். பாஸ் பேப்பர் (பழைய சோதனைப் பேப்பர்) செய்யிறதும் ஓட்டம்தான், அதுக்கு வேற இடம் பாருங்கோ. தியறிக்கு கண்ணை மூடிக்கொண்டு விடலாம், முன் வாங்கில இருக்கச் சொல்லுங்கோ, பின்னுக்கு ஃபான் இல்ல.