பழைய டிராக் ரேஸ் படங்கள்: எடுத்தவர் பெயரை எங்கே போடுவது?

1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ஸ்டிரிப் பந்தயத்தளத்தில், பந்தய வீரர் டான் கார்லிட்ஸின் டிராக்ஸ்டர் (நேர்கோட்டில் குறுகிய தூரம் பாயும் டிராக் ரேஸுக்கான கார்) ஸ்டார்ட் லைனிலேயே வெடித்தது. டிரான்ஸ்மிஷன் சிதறி, கார் இரண்டு துண்டாகி, அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது. அப்படி ஒரு கணத்தைப் பிடித்த படத்தைப் பகிர்ந்து, கீழே "நன்றி: இணையம்" என்று எழுதுவது யாருக்கும் நன்றி சொல்வதாகாது. ஓடுதளத்தின் ஓரத்தில், உயிரைப் பணயம் வைத்து நின்று எடுத்த ஒரு ஆளின் வேலை அது.

பெயர் போடும் வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பழைய படத்துக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று பேர் இருப்பார்கள்: எடுத்தவர், பிரிண்டையோ நெகட்டிவையோ இன்று வைத்திருப்பவர், ஸ்கேன் செய்து ஏற்றியவர். பிரிண்ட் கையில் இருப்பதால் மட்டும் காப்புரிமை வந்துவிடாது. அமெரிக்கச் சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறது. பத்திரிகையின் சம்பளப் படப்பிடிப்பாளர் எடுத்திருந்தால் உரிமை பொதுவாகப் பத்திரிகைக்கு. இந்த மூவரையும் ஒரே பெயரில் அடைப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

அதிகம் பேர் நம்புவது வாட்டர்மார்க்கை, அதாவது படத்தின் மேலேயே பெயரை அடிப்பதை. இந்த வகைப் படங்களுக்கு அது பலவீனமான வழி. டிராக்ஸ்டர் நீளமான வண்டி. ஃபிரேமில் மேலே வானமும் கீழே தார்த்தளமும் காலியாகக் கிடக்கும். மூலையில் போட்ட பெயரை ஒரே வெட்டில் எடுத்துவிடலாம், படத்துக்கு ஒன்றும் ஆகாது. நடுவில் போட்டாலோ புளோயர், மேக்னட்டோ, ஹெடர் குழாய்கள் போன்ற எஞ்சின் பாகங்கள் மறையும். பழைய காரைத் திரும்பக் கட்டுபவர்கள் தேடி வருவதே அவற்றைத்தான். இதைவிட மோசம், பிரிண்டை விலைக்கு வாங்கியவர் தன் பெயரை வாட்டர்மார்க்காக அடிப்பது. நான்கு பகிர்வுக்குப் பிறகு அவரே எடுத்தவர் ஆகிவிடுவார். பெயர் படத்தோடு ஒட்டியே இருக்க வேண்டுமானால், படத்தின் மேல் எழுதாமல் அடியில் வெள்ளைப் பட்டை சேர்த்து அதில் எழுதுங்கள். உயரத்தில் இருபதில் ஒரு பங்கு போதும். அதையும் வெட்டலாம்தான், ஆனால் படம் கெடாது.

மெட்டாடேட்டா, அதாவது கோப்புக்குள்ளேயே எழுதப்படும் விவரங்கள், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கோப்போடு போகும். எக்சிஃப்டூல், லைட்ரூம் ஆகிய இரண்டு மென்பொருள்களிலும் ஐபிடிசி புலங்களை (படத்தின் விவரங்களுக்கான பொதுத் தர இடங்கள்) நிரப்பலாம். கிரியேட்டரில் எடுத்தவர், கிரெடிட் லைனில் "இன்னார் சேகரிப்பு", காப்பிரைட் நோட்டீஸில் உரிமையாளர். கூகுள் படத்தேடல் 2018 முதல் இவற்றைப் படித்துக் காட்டுகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அழிந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் தங்கும். ஸ்கிரீன்ஷாட்டில் எதுவும் மிஞ்சாது. ஃபோட்டோஷாப்பின் "சேவ் ஃபார் வெப்" பெட்டியில் மெட்டாடேட்டா "நன்" (None, எதுவும் வேண்டாம்) என்று இருந்தால் நீங்களே துடைத்துவிடுவீர்கள்.

படத்தை இறக்கி மறுபடி ஏற்றாமல் மூலப் பதிவையே பகிர்வது நேர்மையான வழி. பெயரும் உரிமையாளரின் கட்டுப்பாடும் அப்படியே நிற்கும். மூலப் பதிவு நீக்கப்பட்டால் பகிர்வும் போய்விடும். மூடிய குழுவிலிருந்து பகிர்ந்தால் வெளியாட்களுக்குத் தெரியாது.

எங்கள் தேர்வு: மூலப் பதிவு இருந்தால் அதைப் பகிர்வது. இல்லையென்றால், அனுமதி பெற்று, படக்குறிப்பின் முதல் வரியில் மூவரையும் பிரித்து எழுதுவது: "படம்: இன்னார். பிரிண்ட்: இன்னார் சேகரிப்பு. ஸ்கேன்: இன்னார்." அதையே மெட்டாடேட்டாவிலும் நிரப்ப வேண்டும். முதல் வரி முக்கியம். நீளமான குறிப்பு "மேலும் காண்க"வுக்குள் மடங்கிவிடும். பின்னூட்டத்தில் போட்ட பெயர் படத்தோடு போகாது.

பெயர் போட்டால் அனுமதி வாங்கியது போல ஆகாது. "ரொம்பப் பழசு, எடுக்கலாம்" என்பதும் தவறு. அமெரிக்காவில் 1963 வரை காப்புரிமைக் குறிப்போடு வெளியாகிப் உரிமை புதுப்பிக்கப்படாதவை காப்புரிமை இல்லாதவை, யாரும் பயன்படுத்தலாம். 1964 முதல் 1977 வரை காப்புரிமைக் குறிப்போடு வெளியானவற்றுக்கு, வெளியானதிலிருந்து 95 ஆண்டு பாதுகாப்பு. பெட்டியில் வெளியாகாமலே கிடந்த நெகட்டிவுக்குப் பொதுவாக எடுத்தவர் இறந்து 70 ஆண்டுவரை. மீறலை மறைக்கத் தெரிந்தே பெயரை நீக்கினால், நஷ்டஈடு ஒரு மீறலுக்கு 2,500 முதல் 25,000 டாலர் வரை போகலாம்.

எடுத்தவர் யார் என்று தெரியாதபோது பிரிண்டின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். எடுத்தவரின் ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் அங்கேதான் இருக்கும். ஸ்லைடு சட்டத்தில் அச்சான மாதம் ஃபிலிம் கழுவிய மாதம், பந்தய நாள் அல்ல. காரின் எழுத்துகள் கண்ணாடியில் போல இடவலம் மாறித் தெரிந்தால் நெகட்டிவ் புரட்டி ஸ்கேனாகியிருக்கிறது. நேராக்கிவிட்டுப் படத்தேடலில் போடுங்கள். தேதியை மட்டும் வைத்து எடுத்தவர் யார் என்று முடிவு செய்ய வேண்டாம். 1972 டிசம்பர் 2, லயன்ஸ் தளத்தின் கடைசிப் பந்தய இரவில் பலர் கேமராவோடு இருந்தார்கள். எதுவும் கிடைக்கவில்லையென்றால் "எடுத்தவர் தெரியவில்லை, பிரிண்ட்: இன்னார் சேகரிப்பு" என்று எழுதுங்கள். பெயர் தெரியவந்ததும் பதிவையே திருத்துங்கள்.