பிரசங்கமா, கையேடா, கேள்வியா? மாணவர் பைபிள் ஸ்டடி நடத்த மூன்று வழிகள்

கல்லூரி மாணவர்களுக்கு வாராவாரம் பைபிள் ஸ்டடி நடத்தப் போகிறேன் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம் அண்ணா?" என்பதைத்தான். நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். கூடி உட்காரும் அந்த ஒரு மணி நேரத்தில் வேதத்தை வாசித்து யோசிக்கப் போவது நடத்துகிறவரா, மாணவர்களா? எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் இதற்குத்தான் பதில் சொல்கிறோம்.

பதினோரு வருடமாக ஹாஸ்டல் மாணவர்களோடு சனிக்கிழமை மாலைகளில் உட்கார்ந்து வருகிறேன். மூன்று வழிகளிலும் நடத்தியிருக்கிறேன். ஒரே பகுதியை மூன்றிலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மாற்கு நற்செய்தி 4-ம் அதிகாரம் 35 முதல் 41 வரை, சீஷர்களோடு படகில் போகும் இயேசு புயலை அடக்கும் ஏழு வசனங்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் வழி, நடத்துகிறவரே விளக்கிச் சொல்வது. இதில் நேரம் தவறாது. பேச்சு வேறு எங்கோ போய்விடாது. பின்னணியைச் சரியாகக் கொடுக்கலாம்: கலிலேயா கடல் என்பது உண்மையில் நன்னீர் ஏரி, கடல் மட்டத்துக்குச் சுமார் 200 மீட்டர் கீழே கிடக்கிறது, சுற்றிலும் மலைகள், அந்தச் சரிவுகளில் இறங்கும் காற்று திடீரென்று ஏரியைக் கலக்கிவிடும். 1986-ல் அதன் கரைச் சேற்றிலிருந்து எடுத்த பழங்காலப் படகு ஒன்று 8 மீட்டருக்குச் சற்று கூடுதலான நீளம்தான். இதையெல்லாம் சொன்னால் மாணவர்கள் கண்ணை விரித்துக் கேட்பார்கள், நோட்டில் குறித்துக்கொள்வார்கள்.

நான் முதல் நாலு வருடம் இப்படித்தான் நடத்தினேன். அப்போது ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்த தம்பி ஒருவன் வேலை கிடைத்து பெங்களூரு போனான். சில மாதம் கழித்துப் போனில், "இப்போ என்ன பகுதி வாசிக்கிற?" என்று கேட்டேன். "இங்க சொல்லித்தர யாரும் இல்லண்ணா, அதான் வாசிக்கல" என்றான். அவன்மேல் குற்றமே இல்லை. அந்த நாலு வருடமும் வாசித்தது நான், அவன் கேட்டான், அவ்வளவுதான். அந்தப் பதில் பல நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது.

இரண்டாவது வழி கையேடு. ஒரு பகுதி, அதன் கீழே எட்டோ பத்தோ கேள்விகள், பதில் எழுதக் கோடுகள். இது யாருக்கு உதவும் என்றால், முதல் தடவையாக நடத்தப் போகும் மூன்றாம் வருட மாணவனுக்கு. சீனியர் எல்லாம் முடித்துப் போய்விட்டார்கள், திடீரென்று பொறுப்பு அவன் தலையில் விழுகிறது, நடுவில் இன்டர்னல்ஸ் வேறு. அவன் கையில் நல்ல கையேடு ஒன்றைக் கொடுப்பது பெரிய ஆதரவு. அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

குறை எங்கே வருகிறது என்றால், பல கையேடுகளின் கேள்விக்குப் பதில் அந்த வசனத்திலேயே அப்படியே கிடக்கிறது. "இயேசு எங்கே தூங்கினார்?" படகில். "சீஷர்கள் என்ன செய்தார்கள்?" எழுப்பினார்கள். மூன்றாவது கேள்விக்குள் பாதிப் பேர் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?" என்று வந்ததும் ஞாயிறு பள்ளியிலிருந்தே மனப்பாடமாக இருக்கும் பதில்கள் வரும்: விசுவாசிக்க வேண்டும், ஜெபிக்க வேண்டும், பயப்படக் கூடாது. எல்லாம் சரியான பதில்தான். ஆனால் அதைச் சொல்ல அந்த ஏழு வசனத்தைத் திறந்து பார்க்கவே தேவையில்லை.

மூன்றாவது வழியில் நடத்துகிறவர் கேள்வி மட்டும் கேட்பார், பதிலை மாணவர்கள் பகுதிக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும். 1954-ல் தொடங்கிய யு.இ.எஸ்.ஐ. என்ற கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது, அதன் பொருளைத் தேடுவது, நம் வாழ்க்கையில் பொருத்துவது என்று மூன்று படி. கேட்க எளிதாக இருக்கும். தயாரிப்பு மட்டும் மற்ற இரண்டையும்விட அதிகம். எனக்கு ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகிறது. ஐம்பது கேள்வி எழுதி, அதில் ஆறேழை வைத்துக்கொள்வேன்.

இதே புயல் பகுதியில் நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்று: "சீஷர்கள் எந்த நேரத்தில் அதிகமாகப் பயந்தார்கள்?" எல்லாரும் உடனே, "புயல் அடித்தப்போ" என்றார்கள். "வசனத்தைக் காட்டுங்க" என்றேன். திரும்ப வாசித்தார்கள். அமைதி. அப்புறம் ஓர் ஈசிஇ மாணவி மெதுவாக, "அண்ணா, 'பயந்தாங்க'ன்னு மாற்கு எழுதுறது புயல் நின்னதுக்கு அப்புறம்தான்" என்றாள். அன்றைக்கு அதற்குமேல் நான் பேசவே தேவைப்படவில்லை. அலை ஓய்ந்த பிறகு, பக்கத்தில் நிற்பவர் யார் என்று அவர்களுக்குப் பயம் வந்தது என்பதை அரைமணி நேரம் அவர்களே பேசினார்கள். நான் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும், அடுத்த வாரம் மறந்தும் போயிருக்கும்.

இன்னொரு லாபம், நான் எதிர்பார்க்காதது. எங்கள் குழுவுக்கு நண்பர்களோடு இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் வருவார்கள். விளக்கச் சொற்பொழிவில் அவர்கள் விருந்தாளிகள் மாதிரி ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். கேள்வி முறையில் அவர்கள்தான் பல நேரம் முன்னால் நிற்பார்கள். சின்ன வயதிலிருந்து கதையைக் கேட்டவர்கள் வாசிக்காமலே தாண்டிப்போகும் இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். 36-ம் வசனத்தில் வேறு படகுகளும் கூட வந்தன என்று இருக்கிறதே, அவற்றுக்கு என்ன ஆயிற்று என்று முதலில் கேட்டது அப்படி வந்த ஒரு தம்பிதான். கிறிஸ்தவ வீட்டில் பிறந்த எங்கள் யாருக்கும் அந்தப் படகுகள் கண்ணில் பட்டதே இல்லை.

இதற்கும் ஆபத்து உண்டு. நன்றாகப் பேசும் ஒருவன் மொத்த நேரத்தையும் எடுத்துக்கொள்வான். "எனக்கு இப்படித் தோணுது" என்று ஆளாளுக்குச் சொல்லி, பகுதி எங்கோ போய்விடும். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கர் என்று கலந்து உட்காரும் குழுவில் விவாதம் சூடாகவும் கூடும். இத்தனைக்கும் நான் வைத்திருக்கும் மருந்து ஒன்றே ஒன்று: "எந்த வசனத்துல பார்த்தீங்க?" கோபமில்லாமல், ஒவ்வொரு தடவையும், எல்லாரிடமும் கேட்க வேண்டும். என்னிடமும் அவர்கள் கேட்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். அமைதியைத் தாங்கவும் பழக வேண்டும். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் இருபது எண்ணுவேன். பதினைந்து வரும்போது யாராவது வாயைத் திறந்துவிடுவார்கள்.

தயாரிக்க நேரமே கிடைக்காத வாரத்துக்கு ஸ்வீடன் முறை என்று ஒன்று உண்டு. எல்லாரும் அமைதியாக வாசித்து மூன்று குறி போட வேண்டும்: வெளிச்சம் தந்த இடத்தில் மெழுகுவர்த்தி, புரியாத இடத்தில் கேள்விக்குறி, தன்னைத் தொட்ட இடத்தில் அம்பு. பிறகு சுற்றிவரப் பகிர வேண்டியதுதான். செமஸ்டர் பரீட்சைக்கு முந்தைய வாரத்துக்கு இது போதும், வருடம் முழுக்கப் போதாது.

எந்த முறையானாலும் தமிழில் வாசிக்கும் குழு தீர்க்க வேண்டிய கேள்வி இன்னொன்று: எந்த மொழிபெயர்ப்பு? 1871-ல் ஹென்றி பவர் தலைமையில் வந்த பழைய மொழிபெயர்ப்பா, 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமா? பழையது எங்கள் காதில் ஊறியது, பாட்டியின் ஜெபத்திலிருந்து வந்தது. அதை வாசிக்கும்போது வரும் பயபக்தி எனக்கும் பெரிது. ஆனால் அதே புயல் பகுதியில், 36-ல் "படவு" என்றும் 38-ல் "கப்பலின் பின்னணியம்" என்றும் வருகிறது. "பின்னணியம்" என்றால் என்னவென்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. "பேக்கிரவுண்டா அண்ணா?" என்றான் ஒருவன். கப்பல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சிலர் பெரிய மாடிக் கப்பலையே கற்பனை செய்திருந்தார்கள். திருவிவிலியத்தில் அது படகின் பிற்பகுதி. சின்னப் படகு என்று புரிந்த பிறகுதான் தண்ணீர் நிரம்புகிற பயமே அவர்களுக்கு உறைத்தது.

அதனால் கேள்வி முறைக்குத் திருவிவிலியத்தையே முன்னால் வைப்பேன், பழையதை இன்னொருவர் கையில் கொடுத்து ஒப்பிட வைப்பேன். சொல் மாறும் இடம் கேள்வி பிறக்கும் இடம். கிரேக்கத்தில் இந்தப் பகுதியில் புயல், அமைதி, பயம் மூன்றுக்கும் "பெரிய" என்ற ஒரே சொல்தான் வருகிறது. இதை மட்டும் நடத்துகிறவர் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அவர்கள் பயத்தைக் கண்டுபிடித்த பிறகு சொல்ல வேண்டும், முன்னால் சொல்லிவிட்டால் வேலை கெட்டது.

தலைப்புவாரியாகவா, புத்தகம் புத்தகமாகவா என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு. காதல், வேலை, மன அழுத்தம் என்று தலைப்பு வைத்தால் முதல் இரண்டு வாரம் கூட்டம் வரும். ஆனால் வசனங்களை அங்கங்கே பொறுக்கி எடுத்து நடத்துகிறவர் மறுபடியும் பிரசங்கியாகிவிடுவார். ஒரு செமஸ்டரில் பரீட்சை, விடுமுறை போக பதினோரு பன்னிரண்டு சனிக்கிழமைதான் கிடைக்கும். 85 வசனமுள்ள ரூத்தை நாலைந்து வாரத்தில் முடிக்கலாம், பிலிப்பியருக்கு 104 வசனம்தான். மாற்கு 16 அதிகாரம், அதற்கு ஒரு முழு வருடமாவது வேண்டும். நாள், இடம் பற்றியெல்லாம் அதிகம் யோசிக்க வேண்டாம். எட்டுப் பேர் வட்டமாக உட்கார இடமிருந்தால் மொட்டை மாடி போதும். பத்தைத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். ஆன்லைனில் விளக்கம் நடத்தலாம், கேள்வி முறை அங்கே சரியாக எடுபடுவதில்லை.

இந்த வருடம் புதிதாகப் பொறுப்பெடுக்கும் இரண்டு பேரிடம் நான் சொல்லியிருப்பது இதுதான். முதல் நாலு வாரம் ரூத், கையில் கையேடு இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு வாரமும் அதிலிருந்து இரண்டு கேள்வியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் நீங்களே இரண்டு எழுதுங்கள். ஐந்தாம் வாரம் கையேட்டை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு என் வீட்டுக் கதவு திறந்திருக்கும், எழுதிய கேள்விகளோடு வாங்க.